ராஜாவும் யானையும் இடம் மாறும்போது

கேள்வி: விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் செஸ் ஆடினால் ‘கேஸ்லிங்’ பற்றித்தான் சண்டை. எங்கள் ஐயாவோ, ராஜா ஒரே ஒருமுறை குதிரை போலப் பாயலாம் என்பார். எது சரி?
– வாசகி, காரைக்குடி

பதில்: ஐயா சொல்வது நம் நாட்டுப் பழைய ஆட்டமுறை. அதில் சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டம்தான் போகும். அந்த ஆட்டத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். அது மறைந்துவிடக் கூடாது. போட்டிக்குப் போனால் மட்டும் உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிதான்.

அதன்படி கேஸ்லிங்கில் ராஜா யானையை நோக்கி இரண்டு கட்டம் நகரும். யானை ராஜாவைத் தாண்டி அடுத்த கட்டத்தில் அமரும். இரண்டுமே அதற்குமுன் நகர்ந்திருக்கக் கூடாது, நடுவே காய் இருக்கக் கூடாது. ராஜாவுக்குச் செக் இருந்தாலும், அது கடக்கும் கட்டமோ சேரும் கட்டமோ எதிரியின் தாக்குதலில் இருந்தாலும் முடியாது. சண்டை பெரும்பாலும் இங்கேதான் வரும்: யானை தாக்குதலில் இருந்தால்? தாராளமாகச் செய்யலாம். தடை ராஜாவுக்கு மட்டுமே.

உங்கள் ஊர்ப் பிள்ளை எம். பிரணேஷ் 2023 ஜனவரியில் ஸ்டாக்ஹோமின் ரில்டன் கோப்பையை வென்று இந்தியாவின் 79-ஆவது கிராண்ட்மாஸ்டர் ஆனார். எவ்வளவு பெருமை! அவரைப் போலப் போட்டிக்குப் போக ஆசைப்படும் பிள்ளைகள் இப்போதே பழகவேண்டியது ஒன்று உண்டு. கேஸ்லிங்கில் முதலில் ராஜாவைத்தான் தொடவேண்டும், அதுவும் ஒரே கையால். யானையை முதலில் தொட்டுவிட்டால் அந்தப் பக்கம் கேஸ்லிங் செய்ய நடுவர் விடமாட்டார்.