தோலும் நகமும் சொல்லும் செய்தி

மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில், 1896ஆம் ஆண்டு டான் சே யான் என்பவர் ரப்பர் மரங்களை நட்டார். மலாயாவின் ரப்பர் தோட்டத் தொழிலுக்கு அதுவே தொடக்கமாக அமைந்தது. பின்னர், தமிழகத்திலிருந்து பல்லாயிரவர் பால்மரம் வெட்ட வந்தனர். வெறுங்காலுடன் ஈரமண்ணில் நடந்த அவர்களுள் பலரைக் கொக்கிப்புழு நோய் வாட்டியது. 1915 முதல் 1917 வரை மருத்துவர் சாமுவேல் டார்லிங் தலைமையிலான குழு மலாயா, ஜாவா, பிஜி ஆகிய இடங்களில் இந்நோயை ஆராய்ந்தது.

கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் பாதத்தின் தோலைத் துளைத்து உடலுக்குள் நுழைகின்றன. அவ்விடத்தில் அரிப்பும் சிறு தடிப்புகளும் தோன்றும். பின்னர், அவை சிறுகுடலை அடைந்து இரத்தத்தை உறிஞ்சுகின்றன. நாளடைவில் இரும்புச்சத்துக் குறைந்து, இரத்தசோகை ஏற்படுகிறது. நோயாளி எளிதில் களைத்துப் போவார். அக்களைப்பைப் பிறர் சோம்பல் எனத் தவறாக எண்ணுவதும் உண்டு. உடலைக் கவனமாகச் சோதிப்பவரே உண்மையை அறிவார்.

இச்சோதனையைப் பகல் வெளிச்சத்தில், நோயாளியின் இசைவு பெற்றுச் செய்ய வேண்டும். கருநிறத் தோலில் வெளிறல் எளிதில் புலப்படாது. ஆகவே, கீழிமையின் உட்புறம், உள்ளங்கை, நகம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நகத்தை அழுத்தி விட்டால், ஏறக்குறைய இரண்டு விநாடிக்குள் பழைய நிறம் திரும்ப வேண்டும். தாமதமானால் இரத்தவோட்டம் குறைந்திருக்கலாம். இரும்புச்சத்து மிகவும் குறைந்தவரின் நகம் கரண்டிபோல் குழிந்து காணப்படலாம். முடியும் வறண்டு, அதிகமாக உதிரலாம். புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டதும் அது உடனே படியாவிட்டால், உடலில் நீர் குறைந்திருக்கக்கூடும். ஆனால், முதியோருக்கு இயல்பாகவே தோல் மெதுவாகப் படியும்.

ஓர் அறிகுறியை மட்டும் கொண்டு நோயை முடிவு செய்தல் கூடாது. இரத்தப் பரிசோதனையே இரத்தசோகையை உறுதிப்படுத்தும். மலப் பரிசோதனை கொக்கிப்புழுவைக் காட்டிக்கொடுக்கும். புழுவை அழிக்க மாத்திரையும், இழந்த சத்தை ஈடுசெய்ய இரும்புச்சத்து மருந்தும் தரப்படும். காலணி அணிதலும் கழிப்பறையைப் பயன்படுத்துதலும் நோய் மீண்டும் வராமல் தடுக்கும்.

தோட்டத்தை விட்டுப் பட்டணத்தில் குடியேறியவர்களுக்கும் இக்கவனம் தேவை. பின்கழுத்துத் தோல் கறுத்துத் தடித்திருந்தால், அதை அழுக்கு என்று தேய்த்துக் கழுவுவோர் உண்டு. அது நீரிழிவு வரக்கூடும் என்பதற்கான எச்சரிக்கையாகவும் இருக்கலாம். அத்தகையோர் காலந்தாழ்த்தாமல் மருத்துவரைக் கண்டு, இரத்தத்தில் சர்க்கரையின் அளவைச் சோதித்துக்கொள்வது நன்று.