உருவப்பட ஓவியமும் கறுப்பினத்தவரின் வரலாறும்

அறிமுகம்

ஒருவரின் தோற்றத்தையும் குணவியல்பையும் வெளிப்படுத்தும் வகையில் வரையப்படும் ஓவியம் உருவப்படம் எனப்படும். ஐரோப்பாவில் அரசர், பிரபுக்கள், தளபதிகள், செல்வந்தர் ஆகியோரே பெரும்பாலும் பணம் கொடுத்துத் தமது உருவப்படங்களை வரைவித்தனர். எனவே உருவப்படமானது ஒருவரின் முகத்தை மட்டுமன்றிச் சமூகத்தில் அவருக்கிருந்த இடத்தையும் காட்டியது. ஆபிரிக்க வம்சாவளியினர் இவ்வோவியங்களில் இடம்பெற்றபோதும் பெரும்பாலும் பணியாளராக ஓரத்திலேயே நின்றனர். அவர்களுள் பலரின் பெயர்கள் பதியப்படவில்லை. இந்நிலையை மாற்றுவதற்கு அதே உருவப்படக் கலை எவ்வாறு பயன்பட்டது என்பதை இப்பாடத்தில் நோக்குவோம்.

1. பெயர் குறிப்பிடப்படாத பெண்

பிரான்சிய ஓவியரான மாரி கியேமின் பெனுவா 1800 ஆம் ஆண்டில் ஒரு கறுப்பினப் பெண்ணைத் தைலவர்ணத்தில் வரைந்தார். வெள்ளைத் தலைப்பாகையும் நீலச் சால்வையும் கொண்ட அப்பெண் நாற்காலியில் அமர்ந்து நேரே எம்மை நோக்குகின்றாள். பிரான்ஸ் தனது குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை 1794 இல் ஒழித்து, 1802 இல் மீண்டும் கொண்டுவந்தது. இவ்விரு ஆண்டுகளுக்கும் இடையிலேயே இவ்வோவியம் தோன்றியது.

எனினும் அதற்கு இடப்பட்ட தலைப்பு "ஒரு நீக்ரோப் பெண்ணின் உருவப்படம்" என்பதாகும். வரைந்தவரின் பெயர் தெரிந்திருந்தது. வரையப்பட்டவரின் பெயர் தலைப்பில் இடம்பெறவில்லை. குவாடலூப் தீவிலிருந்து வந்த அப்பெண்ணின் பெயர் மடலேன். 2019 இல் பாரிஸ் ஓர்சே நூதனசாலையில் நடைபெற்ற கண்காட்சியில் இவ்வோவியம் "மடலேனின் உருவப்படம்" என்னும் தலைப்புடன் வைக்கப்பட்டது. ஓவியத்தில் ஒரு தூரிகைக் கோடேனும் மாறவில்லை. பார்ப்பவரின் நோக்கே மாறியது.

2. தன் பெயரை எழுதிய ஓவியர்

ஸ்பானிய ஓவியர் வெலாஸ்குவெஸ் 1650 இல் உரோம் நகரில் ஜுவான் டி பரேஹா என்பவரை வரைந்தார். பரேஹா அவரது அடிமையாகவும் ஓவியக்கூட உதவியாளராகவும் இருந்தவர். நிமிர்ந்த தலையும் நேரான பார்வையும் பிரபு ஒருவருக்குரிய கம்பீரத்தை அவருக்கு அளிக்கின்றன. அவ்வாண்டிலேயே வெலாஸ்குவெஸ் விடுதலைப் பத்திரத்தில் ஒப்பமிட்டார். ஆயினும் அது நான்கு ஆண்டுகளின் பின்னரே நடைமுறைக்கு வரவிருந்தது.

விடுதலை பெற்ற பரேஹா தாமே ஓவியரானார். 1661 இல் வரைந்த "புனித மத்தேயுவின் அழைப்பு" என்னும் பெரிய ஓவியத்தின் இடது ஓரத்தில் தம்மையும் சேர்த்து வரைந்தார். அவரது கையிலுள்ள தாளில் அவரது ஒப்பம் காணப்படுகின்றது. பிறரால் வரையப்பட்ட மனிதர் தம்மைத் தாமே வரைந்து பெயரிட்டமை கவனிக்கத்தக்கது.

3. பாறையிற் பொறித்த பெயர்

நெப்போலியன் குதிரையில் அல்ப்ஸ் மலையைக் கடப்பதை ஜாக் லூயி டேவிட் 1801 இல் வரைந்தார். கீழேயுள்ள பாறையில் பொனபார்ட், ஹனிபால், சார்ளிமேன் ஆகியோரின் பெயர்கள் உள்ளன. அமெரிக்க ஓவியர் கெஹிண்டே வைலி 2005 இல் அதே அமைப்பைப் பின்பற்றி, நெப்போலியனின் இடத்தில் இக்கால உடையணிந்த கறுப்பின இளைஞர் ஒருவரை அமர்த்தினார். பாறையில் வில்லியம்ஸ் என்னும் பெயரையும் சேர்த்தார். வீரரின் வரிசையில் சாதாரண மனிதரின் பெயரும் இடம்பெற்றது.

4. நிறத்தின் பயன்பாடு

கெரி ஜேம்ஸ் மார்ஷல் தமது உருவங்களின் தோலை மிக ஆழ்ந்த கறுப்பில் தீட்டுகின்றார். 1980 இல் வரைந்த சிறிய ஓவியமொன்றில் இருண்ட பின்னணியில் கண்களும் பற்களும் சட்டையின் வெண்மையுமே முதலில் தெரிகின்றன. காணப்படாதிருத்தல் என்னும் அனுபவத்தை இது உணர்த்துகின்றது.

ஏமி ஷெரல்ட் இதற்கு மாறாகத் தோலைச் சாம்பல் நிறத்தில் தீட்டுகின்றார். பார்ப்பவர் தோல் நிறத்தோடு நின்றுவிடாது ஆளை நோக்குவதற்கு இது வழிசெய்கின்றது. வொஷிங்டனிலுள்ள தேசிய உருவப்படக் கூடத்தில் 2018 இல் திறந்து வைக்கப்பட்ட மிஷெல் ஒபாமாவின் உருவப்படம் இவர் வரைந்ததாகும். அன்றே வைலி வரைந்த பராக் ஒபாமாவின் உருவப்படமும் திறக்கப்பட்டது. அதன் பின்னணியில் ஹவாயைக் குறிக்கும் மல்லிகை, சிக்காகோவைக் குறிக்கும் செவ்வந்தி, கென்யாவைக் குறிக்கும் ஆபிரிக்க நீல லில்லி ஆகிய மலர்கள் உள்ளன.

நினைவிற் கொள்க

* வரலாற்றை மீட்டல் என்பது புதிய முகங்களை வரைவது மட்டுமன்று. பழைய ஓவியங்களில் உள்ளோருக்குப் பெயரை மீளளிப்பதுமாகும்.
* பார்வை, இருக்கும் நிலை, உடை, பின்னணி, நிறம், தலைப்பு ஆகிய ஆறும் உருவப்படத்தில் கருத்தை உணர்த்துவன.

மாதிரி வினா

டேவிட், வைலி ஆகியோரின் குதிரைமீதமர்ந்த உருவப்படங்களை ஒப்பிட்டு, வைலி பழைய அமைப்பைக் கையாண்டமைக்கான காரணத்தை விளக்குக.

விடை எழுதும்போது: மாணவர் பலர் "இது நிறவெறிக்கு எதிரான ஓவியம்" என எழுதி முடித்துவிடுகின்றனர். இது போதாது. முதலில் இரு ஓவியங்களிலும் ஒத்தவற்றையும் (குதிரை, கை நீட்டிய நிலை, பாறை), பின் வேறுபட்டவற்றையும் (ஆள், உடை, சேர்க்கப்பட்ட பெயர்) எழுதுக. அதன் பின்னரே, அதிகாரம் உடையோருக்குரியதாயிருந்த அமைப்பு மற்றவருக்கும் உரியதாக்கப்பட்டது என்னும் முடிவுக்கு வருக. ஓவியத்தில் கண்ணால் கண்டதையே சான்றாகக் காட்டும் விடையே சிறந்த விடையாகும்.