கணினி மொழிக்கு ஒரு புதிய குறி: '@' வந்த கதை

லெபோ பசாரில் உள்ள ஒரு பசியாறும் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே 40 ரொட்டி சானாயும் 30 தோசையும் விற்கின்றன. திங்கட்கிழமை 25 ரொட்டி சானாய், 50 தோசை. இந்த நான்கு எண்களையும் நாளுக்கு ஒரு வரிசையாக எழுதினால் அது ஓர் அணி. படிவம் ஐந்து கணிதத்தில் 'மேட்ரிக்ஸ்' என்று நீங்கள் படித்தது, அல்லது படிக்கப்போவது, இதைத்தான்.

இப்போது கடைக்காரருக்கு இரண்டு கேள்விகள். முதல் கேள்வி, எவ்வளவு பணம் வந்தது? ஞாயிறன்று ரொட்டி 2 வெள்ளி, தோசை 3 வெள்ளி என்றால் 40ஐ 2ஆல் பெருக்கி 80, 30ஐ 3ஆல் பெருக்கி 90. அந்தந்த எண்ணை அதற்கு நேரான எண்ணால் பெருக்கினால் போதும். இதை உறுப்புவாரிப் பெருக்கல் எனலாம்.

இரண்டாவது கேள்வி, எவ்வளவு பருப்புக் குழம்பும் எண்ணெயும் தேவை? ஒரு ரொட்டிக்கு 100 மில்லிலிட்டர் குழம்பு, 15 மில்லிலிட்டர் எண்ணெய்; ஒரு தோசைக்கு 150 மில்லிலிட்டர் குழம்பு, 5 மில்லிலிட்டர் எண்ணெய் என்று வைத்துக்கொள்வோம். ஞாயிறன்று ரொட்டிக்கு 4,000, தோசைக்கு 4,500, கூட்டினால் 8,500 மில்லிலிட்டர் குழம்பு. எண்ணெய் 600உம் 150உம் சேர்ந்து 750. திங்களன்று குழம்பு சரியாகப் பத்து லிட்டர், எண்ணெய் 625 மில்லிலிட்டர். இங்கே பெருக்கினோம், பிறகு கூட்டவும் செய்தோம். இதுதான் அணிப் பெருக்கல்.

இயந்திரக் கற்றல் என்று இன்று பெரிதாகப் பேசப்படுவதன் அடிமட்ட வேலை இந்த இரண்டாவது கணக்குதான். உள்ளே வரும் எண்களை எடைகள் எனப்படும் எண்களால் பெருக்கிக் கூட்டுவது, கிடைத்ததை அடுத்த அடுக்குக்குக் கொடுப்பது, மறுபடியும் பெருக்கிக் கூட்டுவது. நம் பாயான் லெப்பாசில் 1972இல் இண்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையைத் திறந்தபோது, சில்லுகளில் குறை இருக்கிறதா என்று பார்க்க நுண்ணோக்கியும் மனிதக் கண்ணும் வேண்டியிருந்தன. அதே வேலையைப் படம் பார்த்துக் கற்ற மென்பொருள் செய்யும்போது, உள்ளே நடப்பது குழம்புக் கணக்கைப் போன்ற கோடிக்கணக்கான கணக்குகள்.

சரி, இதை ஒரு கணினி மொழியில் எப்படி எழுதுவது? இயந்திரக் கற்றலில் அதிகம் பயன்படும் மொழி பைத்தான். அதில் '*' என்றால் பெருக்கல். ஆனால் இரண்டு பெருக்கல்களில் எந்தப் பெருக்கல்?

1995இல் ஜிம் ஹுகுனின் எழுதிய 'நியூமெரிக்' தொகுப்பும், 2006இல் டிராவிஸ் ஒலிஃபண்ட் வெளியிட்ட 'நம்பை' தொகுப்பும் '*' குறியை உறுப்புவாரிப் பெருக்கலுக்குக் கொடுத்தன. அணிப் பெருக்கலுக்கு 'டாட்' என்று ஒரு கட்டளை. மூன்று அணிகளைப் பெருக்க வேண்டுமானால் டாட்(டாட்(அ, ஆ), இ) என்று எழுத வேண்டும். ஐந்தாறு அணிகள் உள்ள புள்ளியியல் சூத்திரத்தை இப்படி எழுதிவிட்டு, மறுநாள் அடைப்புக்குறிகளை எண்ணிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும்.

இதைத் தவிர்க்க நம்பையிலேயே 'மேட்ரிக்ஸ்' என்று இன்னொரு வகை இருந்தது. அந்த வகையில் '*' போட்டால் அணிப் பெருக்கல் நடக்கும். நல்ல ஏற்பாடு போலத் தோன்றும், ஆனால் தலைவலி இங்கேதான் தொடங்கியது. நீங்கள் எழுதிய நிரலை நான் அழைக்கிறேன்; நான் கொடுப்பது எந்த வகை என்று உங்கள் நிரலுக்குத் தெரியாது. ஒரே '*' குறி ஓரிடத்தில் ஒரு விடை தரும், இன்னோரிடத்தில் வேறு விடை தரும். நம் கடைக் கணக்கில் விற்பனையும் தேவையும் இரண்டுக்கு இரண்டு அணிகள். தவறான பெருக்கல் நடந்தாலும் கணினி பிழை என்று சொல்லாது. ஞாயிறு குழம்புக்கு 8,500 என்பதற்குப் பதிலாக 4,000 என்று அமைதியாக எழுதிக் கொடுத்துவிடும். பாதிக் கூட்டம் குழம்பில்லாமல் உட்கார்ந்திருக்கும்! பிழைச்செய்தி வந்தாலாவது திருத்தலாம். சத்தமில்லாத தவற்றை எங்கே போய்த் தேடுவது?

ஆகவே மொழியிலேயே ஒரு தனிக் குறி வேண்டும் என்று கேட்டார்கள். பைத்தானில் எதையாவது மாற்ற வேண்டுமானால் 'பெப்' என்ற முன்மொழிவை எழுத வேண்டும். என்ன மாற்றம், ஏன் வேண்டும், பழைய நிரல்கள் உடையுமா, வேறு என்ன வழிகளைப் பரிசீலித்து ஒதுக்கினீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். யார் வேண்டுமானாலும் எழுதலாம். மொழியின் மையக் குழுவில் இல்லாதவர் எழுதினால் அந்தக் குழுவில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்பது இன்றைய விதி.

2000ஆம் ஆண்டிலேயே இரண்டு முன்மொழிவுகள் வந்தன. கிரெக் வில்சன் எழுதிய 211ஆம் பெப், '@' குறியையே கேட்டது. ஆனால் அணிகளோடு நிற்காமல் எல்லாவகைத் தொடர்களையும் குறுக்கே இணைக்கும் பொதுக் குறியாக அதைக் கேட்டது. 225ஆம் பெப் இன்னும் பெரிய பசியோடு வந்தது. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் என ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்றுக் குறி, ஆக ஒரு கூட்டமே வேண்டும் என்றது. இரண்டும் நிறைவேறவில்லை. பதினான்கு ஆண்டுகள் ஓடின.

2014 பிப்ரவரியில் நத்தானியல் ஸ்மித் 465ஆம் பெப்பை எழுதத் தொடங்கினார். அதே '@'. ஆனால் இம்முறை கேட்டது ஒரே ஒரு செயல், அணிப் பெருக்கல். கூட்டல், கழித்தலுக்கெல்லாம் மாற்றுக் குறி உண்மையில் யாருக்கும் அவசியப்படவில்லை; அடைப்புக்குறி எண்ண வைத்தது பெருக்கல் ஒன்றுதான் என்று அவர் காட்டினார். முதல் வரைவில் அணியின் அடுக்குக்காக '@@' என்று ஒன்றும் இருந்தது. அதன் பயன் தெளிவாக இல்லை என்று தெரிந்ததும் அதையும் எடுத்துவிட்டார். என் கணிப்பில், இந்த முன்மொழிவு வென்றதற்கு அவர் சேர்த்தவற்றைவிட நீக்கியவையே பெரிய காரணம்.

ஏன் '@'? எல்லா நாட்டு விசைப்பலகைகளிலும் இருக்கிறது. மின்னஞ்சலால் எல்லாருக்கும் பழகிய குறி. பைத்தானில் அது ஏற்கெனவே வேறொரு வேலைக்குப் பயன்பட்டாலும், அது வரியின் தொடக்கத்தில் மட்டுமே வருவதால் குழப்பம் இல்லை. இப்போது நம் குழம்புக் கணக்கை விற்பனை @ தேவை என்று எழுதிவிடலாம். இதை உங்களுக்காகத் தமிழாக்கி எழுதவில்லை. பைத்தானின் மூன்றாம் பதிப்பு தமிழ்ப் பெயர்களை இப்படியே ஏற்கும். அதுவும் ஒரு பெப் மூலம் வந்ததுதான், 3131ஆம் எண்.

அதோடு முடிந்துவிடவில்லை. அ @ ஆ @ இ என்று எழுதினால் எதை முதலில் பெருக்குவது? விடை ஒன்றுதான், ஆனால் வேலை ஒன்றல்ல. அ, ஆ இரண்டும் ஆயிரத்துக்கு ஆயிரம் அணிகள், இ ஆயிரம் எண்கள் கொண்ட ஒற்றைப் பட்டியல் என்று கொள்ளுங்கள். இடப்பக்கத்திலிருந்து தொடங்கினால் முதல் பெருக்கலுக்கே ஒரு பில்லியன் பெருக்கல்கள். வலப்பக்கத்திலிருந்து தொடங்கினால் மொத்தமே இரண்டு மில்லியன்! அப்படியானால் வலப்பக்கம்தானே சரி? பலர் அப்படித்தான் வாதிட்டார்கள். ஆனால் '*', '/' இரண்டும் இடப்பக்கத்திலிருந்தே நடக்கின்றன. '@' மட்டும் மாறி நடந்தால், இரண்டையும் கலந்து எழுதும் வரியை வாசிப்பவர் தடுமாறுவார். வேகம் வேண்டுபவர் அடைப்புக்குறி போட்டுக்கொள்ளட்டும், குறி பழகிய வழியிலேயே நடக்கட்டும் என்று முடிவானது. நான் அந்த விவாதத்தில் இருந்திருந்தால் முதலில் எதிர்க்கட்சியில்தான் நின்றிருப்பேன்.

இன்னொன்றையும் அவர் செய்தார். நம்பை, பாண்டாஸ், பிளேஸ், தியானோ ஆகிய தொகுப்புகளை உருவாக்கியோர், குறி கிடைத்தால் அதை ஒரே பொருளில் பயன்படுத்துவோம் என்று தெரிவித்திருந்தார்கள். அது முன்மொழிவிலேயே இருந்தது. மொழியைக் காப்பவர்களுக்கு இது முக்கியம். ஒரு குறியைக் கொடுத்தால் திரும்ப வாங்க முடியாது. கேட்பவர்களே தங்களுக்குள் உடன்படவில்லை என்றால் கொடுக்கத் தயங்குவார்கள்.

பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ரோசம் அதே ஆண்டில் இதை ஏற்றார். 2015 செப்டம்பரில் வந்த 3.5ஆம் பதிப்பில் '@' இருந்தது. வேடிக்கை என்னவென்றால், பைத்தானோடு பிறந்த எந்த வகைக்கும் '@' செய்யத் தெரியாது! எண்ணுக்கும் எண்ணுக்கும் இடையே போட்டால் பிழை என்றுதான் சொல்லும். மொழி மாட்டிக் கொடுத்தது ஒரு கொக்கி மட்டுமே. அதில் எதைத் தொங்கவிடுவது என்பது தொகுப்புகளை எழுதுபவர்கள் பாடு. பைடார்ச் அப்போது வெளிவரவே இல்லை. பிறகு வந்தபோது கொக்கி தயாராக இருந்தது.

இதே காலத்தின் இன்னொரு முயற்சியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2018இல் கூகுள் நிறுவனம், ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழிக்குள் இயந்திரக் கற்றலைக் கொண்டுவரும் திட்டத்தை வெளியிட்டது. அதைத் தொடங்கியவர் ஸ்விஃப்டை உருவாக்கிய கிறிஸ் லாட்னரேதான். பெரிய ஆசை, கூடுதல் கணிதத்தில் நீங்கள் கையால் செய்யும் வகையிடலை மொழியே தானாகச் செய்ய வேண்டும் என்பது. எடைகளை எந்தப் பக்கம் திருத்தினால் பிழை குறையும் என்று கற்கும் இயந்திரம் கண்டுபிடிப்பது வகையிடலால்தான், எனவே ஆசையில் தவறில்லை. 2021 பிப்ரவரியில் திட்டம் நிறுத்தப்பட்டது. தானியங்கி வகையிடல் இன்னும் சோதனை நிலையில், பெயருக்கு முன்னால் ஓர் அடிக்கோட்டோடு ஸ்விஃப்டின் ஓரத்தில் நிற்கிறது. ஆனால் அந்தக் குழு சின்னச் சின்னதாகக் கேட்டவை ஏற்கப்பட்டன. பைத்தான் தொகுப்புகளை ஸ்விஃப்டிலிருந்து இயல்பாக அழைக்கும் வசதியும், ஒரு பொருளையே கட்டளை போல அழைக்கும் வசதியும் இன்று அந்த மொழியின் நிலையான பகுதிகள். இயந்திரக் கற்றல் பக்கமே போகாதவர்களும் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள்.

ஜோர்ஜ் டவுனில் ஒரு மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு இதில் என்ன வேலை? ஒன்றைச் செய்து பாருங்கள். பைத்தானில் 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தை 'லென்' கட்டளையால் கேளுங்கள். ஐந்து என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக எண்ணுகிறது. ஸ்விஃப்டில் கேட்டால் நம் பாட்டி சொல்வதுபோல மூன்று என்று சொல்லும். தமிழ் உரையை இயந்திரத்துக்குக் கற்பிக்க முதலில் அதைத் துண்டுகளாகப் பிரிக்க வேண்டும். 'மி'யை உடைத்து உயிர்க்குறியைத் தனியே தொங்கவிட்டால் தொடக்கமே கோணல். 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் நண்பர்களும் வளர்த்த 'ஓப்பன்-தமிழ்' தொகுப்பு இந்தப் பிரிக்கும் வேலையைப் பைத்தானில் செய்கிறது.

இதை மொழிக்குள்ளேயே கொண்டுவர வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், எவ்வளவு கேட்பீர்கள்? தமிழுக்கு மட்டுமா, இதே சிக்கல் உள்ள இந்தி, தாய், கெமர் எல்லாவற்றுக்குமா? 'லென்' தரும் விடையையே மாற்றச் சொன்னால் உலகெங்கும் எத்தனை பழைய நிரல்கள் உடையும்? பக்கத்தில் ஒரு புதிய கட்டளை போதுமா? 'க்ஷ' என்பதைப் பைத்தான் மூன்று என்கிறது, ஸ்விஃப்ட் இரண்டு என்கிறது, நம் பாட்டி ஒன்று என்பார். முன்மொழிவில் எந்த எண்ணை எழுதுவீர்கள்?