என்ஜினைப் பிரிக்கும் முன்பு: பழைய டிராக்டருக்கு எந்த வேலை தகும்?

பழைய டிராக்டர் ஒன்று புகையத் தொடங்கி, ஆயிலும் முன்னைவிடச் சற்று அதிகமாகச் செலவானால், பட்டறை வாசலில் நிறுத்திய மாத்திரத்திலேயே "என்ஜின் போய்விட்டது, இறக்கித்தான் பார்க்கவேண்டும்" என்ற தீர்ப்பு கிடைத்துவிடுவது நம் கிராமங்களில் சர்வ சாதாரணமான காட்சி. ஹெட்டைக் கழற்றி, சம்பை இறக்கிவிட்ட பிறகு, ஓடுகின்ற என்ஜினிலிருந்து மட்டுமே கிடைக்கக்கூடிய சாட்சியங்களான சூட்டில் நிற்கும் ஆயில் பிரஷர், பிரீதர் குழாயில் வரும் மூச்சு, ஒவ்வொரு சிலிண்டரும் வேலையில் செலுத்தும் பங்கு ஆகிய யாவும் மறைந்துபோய், அப்பால் கண்ணில் படுகிற தேய்மானத்தையெல்லாம் மாற்றுவதைத் தவிர வேறு யோசனைக்கு இடமே இல்லாமல் போகிறது. ஆகையால், செலவைப் பற்றிய நிர்ணயத்தை ஸ்பானரை எடுப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

1960-ல் சென்னையில் தொடங்கப்பெற்ற டாஃபே நிறுவனத்தின் மாஸி பெர்குசன் 1035 டிராக்டரை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டு வயல்களில் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கும் அதனுடைய மூன்று சிலிண்டர் சிம்ப்சன் டீசல் என்ஜினை அறியாத மெக்கானிக் நம் பக்கத்தில் இல்லை. அப்படிப்பட்ட ஒரு வண்டி சோர்ந்துபோகும்போது அதன் சொந்தக்காரர் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. நாசிலையும் வால்வுகளையும் மட்டும் சீர் செய்வது முதல் வழி. பழைய லைனருக்குள்ளேயே புது ரிங் போடுவது இரண்டாவது. லைனர், பிஸ்டன், ரிங் அடங்கிய கிட்டை மாற்றிக் கூடவே பேரிங்கும் போடும் அரை என்ஜின் வேலை மூன்றாவது. கிராங்கை வெளியே எடுத்துக் கிரைண்டிங் செய்து யாவற்றையும் புதுப்பிக்கும் முழு வேலை நான்காவது. இந்த ரகத்து டிராக்டர்களில் தனியான சட்டம் கிடையாது. முன் அச்சுக்கும் கியர் பாக்ஸுக்கும் இடையே என்ஜினே முதுகெலும்பாக நின்று பாரத்தைத் தாங்குகிறது. எனவே கிராங்கை எடுக்கவேண்டுமானால் வண்டியையே இரண்டாகப் பிளந்தாக வேண்டும். மூன்றாவது வழிக்கும் நான்காவது வழிக்கும் உள்ள தூரம் அவ்வளவு பெரிது.

முதல் சாட்சியாக எல்லோரும் நம்புவது புகையை. என்னைக் கேட்டால், மிகக் குறைவாக நம்பத்தக்க சாட்சி அதுதான். கறுப்புப் புகை பெரும்பாலும் காற்றுக் குறைவையோ டீசல் மிகுதியையோதான் காட்டுகிறது. அடைபட்ட ஏர் கிளீனரும் ஒழுகும் நாசிலும் அதற்குப் போதுமான காரணங்கள். குளிர்ந்த காலையில் சிறிது நேரம் வந்து மறையும் வெள்ளைப் புகைக்குப் பயப்பட வேண்டியதில்லை. சூடேறிய பின்பும் நீடித்தால், கம்ப்ரஷன் குறைவு, பம்ப் டைமிங் பிந்தியது, சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்குவது ஆகிய மூன்றில் ஒன்று. நீலப் புகைதான் ஆயில் எரிவதற்கு அடையாளம். எனினும் அந்த ஆயில் ரிங்கைத் தாண்டி மேலே வந்ததா, வால்வு கைடு வழியாகக் கீழே இறங்கியதா என்பதைப் புகை சொல்லாது. நெடுநேரம் ஐடிலில் நின்ற பிறகு ஆக்சிலரேட்டரைக் கொடுத்தவுடன் ஒருமுறை குப்பென்று வந்து அடங்கினால் கைடின் மேலும், இழுவையில் ஓயாமல் வந்துகொண்டே இருந்தால் ரிங்கின் மேலும் சந்தேகம் கொள்ளலாம்.

இதைவிட மேலான சாட்சி, காசு செலவில்லாமல் விடியற்காலையில் கிடைக்கிறது. டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது; அழுத்தத்தால் காற்று அடையும் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கிறது. இரவெல்லாம் ஆறிக் கிடந்த என்ஜின், நல்ல பேட்டரியுடன், இரண்டொரு சுற்றிலேயே பிடித்துக்கொள்ளுமானால், அதன் கம்ப்ரஷனைக் குறைகூறுபவர் வலுவான ஆதாரம் காட்டியாக வேண்டும்.

அடுத்து, பட்டறைப் பேச்சில் 'பேக் கம்ப்ரஷன்' என்று சொல்லப்படும் விஷயம். தேய்ந்த ரிங்குகளைத் தாண்டி எரிந்த வாயு சம்புக்குள் இறங்கி, பிரீதர் வழியாக வெளியேறுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஒரு மணி நேரம் உழவு ஓட்டிச் சூடான வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைக்காமல், பிரீதர் முனையில் ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்துப் பாருங்கள். மெல்லிய ஆவி வந்தால் அது வயதின் இயல்பு; துடிப்புத் துடிப்பாகக் காற்று அடித்து, துணியில் ஆயில் துளிகள் தெறித்துக் கறுக்குமானால், அது ரிங்கும் லைனரும் சேர்ந்து தருகின்ற வாக்குமூலம். இதனோடு ஆயில் செலவையும் அளந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஊற்றிய டீசலையும் கூட்டிய ஆயிலையும் பத்து நாள் குறித்துவந்து, டீசலில் நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல், அதாவது 40 லிட்டருக்கு 400 மில்லிக்கு மேல் ஆயில் எரிகிறதென்று தெரிந்தால், என்ஜின் வேலையைப் பற்றி யோசிக்கத் தொடங்கலாம். கிளட்ச் பக்கத்து ஆயில் சீல் வழியாக மண்ணில் சொட்டிப் போவதை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

ஆயில் மட்டம் குறையாமலே இருப்பதைக் கண்டு மகிழ்ந்துபோகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டீசலை மேலேற்றும் ஃபீட் பம்பின் டயாஃப்ரம் கிழிந்திருந்தால், டீசல் சம்புக்குள் கசிந்து, எரிந்துபோன ஆயிலின் இடத்தை நிரப்பிவிடும். சில சமயம் மட்டம் ஏறவும் செய்யும். டிப் ஸ்டிக்கை முகர்ந்து, துளியை விரல்களுக்கிடையே தேய்த்தால் டீசல் வாடையும் நீர்த்த தன்மையும் தெரிந்துவிடும். நீர்த்த ஆயிலில் பிரஷர் விழுவது இயற்கை. அந்நிலையில் பேரிங் போய்விட்டதென்று முடிவுகட்டுவது, ஒரு சிறிய டயாஃப்ரத்தின் குற்றத்துக்காகக் கிராங்கைத் தண்டிப்பதாகும். டயாஃப்ரத்தை மாற்றி, புது ஆயில் ஊற்றி, மறுபடி அளந்த பிறகே பிரஷரைப் பற்றிப் பேச வேண்டும். அந்த அளவையும் டாஷ்போர்டு மீட்டரை நம்பி எடுக்காமல், ஒரு மெக்கானிக்கல் கேஜை மாட்டி, முழுச் சூட்டில், வேலை செய்யும் வேகத்தில் எடுத்து, உற்பத்தியாளரின் கையேட்டிலுள்ள எண்ணோடு ஒப்பிடுவதே முறை.

எந்தச் சிலிண்டர் சோர்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க, ஐடிலில் ஓடும்போது நாசில் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்ப்பது பழைய மெக்கானிக்குகளின் சிறந்த வித்தை. எந்த நட்டைத் தளர்த்தும்போது என்ஜின் சத்தம் மாறவில்லையோ, அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை. அதன் நாசிலை அடுத்த சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு, குறையும் கூடவே இடம் மாறினால் நாசிலை மட்டும் சர்வீஸ் செய்து வீடு திரும்பலாம். டீசல் பாய்ச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடக்கூடியது. கசியும் இடத்துக்கு அருகே கையைக் கொண்டுபோகவே கூடாது.

குறை இடம் மாறாவிட்டால், கம்ப்ரஷன் கேஜ், காற்றுப் பரீட்சை இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது? கேஜ் விரைவானது, ஆனால் டேப்பட் இடைவெளி, பேட்டரியின் பலம், சுற்றும் வேகம் ஆகியவை ஒழுங்காக இல்லாவிட்டால் அது பொய் சொல்லும். பெட்ரோல் வண்டிக் கேஜ் டீசலின் அழுத்தத்தைத் தாங்காது. மூன்று சிலிண்டருக்கும் கிடைக்கும் எண்களின் பருமனைவிட அவற்றுக்குள் உள்ள வித்தியாசமே கவனிக்கத்தக்கது. எண் குறைந்திருந்தாலும், குறை எங்கே என்பதைக் கேஜ் சொல்வதில்லை. காற்றுப் பரீட்சை சொல்கிறது என்பதால் நான் அதையே விரும்புகிறேன். பழைய நாசில் ஹோல்டர் ஒன்றை லேத் பட்டறையில் துளைத்து ஏர் ஹோஸ் மாட்டும்படி செய்துகொண்டு, பிஸ்டனை அழுத்த வீச்சின் உச்சியில் நிறுத்தி, பஞ்சர் கடைக் கம்ப்ரஸரின் காற்றை உள்ளே விட்டால், தப்பும் காற்றே தன் வழியைக் காட்டிக்கொடுக்கும். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஏர் கிளீனர் குழாயில் கேட்டால் இன்லெட் வால்வு, ரேடியேட்டரில் குமிழி எழுந்தால் ஹெட் கேஸ்கெட், பிரீதரில் வந்தால் ரிங். காற்றின் அழுத்தத்தில் என்ஜின் திடீரென்று சுழலக்கூடும். ஆகவே கியரில் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஃபேன் பக்கத்திலிருந்து விலகி நிற்கவேண்டும்.

சீறல் வால்வில் மட்டும் இருந்தால் முதல் வழியே போதும். ஹெட்டை இறக்கி, வால்வு சீட்டிங் செய்து, கைடைப் பார்த்து மூடிவிடலாம். "ஹெட்டைத்தான் கழற்றிவிட்டோமே, கிட்டையும் போட்டுவிடலாம்" என்ற ஆலோசனைக்கு இணங்க அவசியமில்லை.

பிரீதரில் சீறினால்தான் ரிங்கா, கிட்டா என்ற வினா பிறக்கிறது. லைனர் எங்கும் ஒரே சீராகத் தேய்வதில்லை. மேல் ரிங் திரும்புகின்ற இடத்தில், வெப்பமும் தூசியும் மிகுந்து எண்ணெய் குறைந்திருப்பதால், அங்கேதான் அதிகம் தேய்ந்து, அதற்கு மேலே தேயாத பாகம் விளிம்பாக நிற்கிறது. அதை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஹெட்டும் பிஸ்டனும் எடுத்த பின்பு, ஒரு புது ரிங்கை லைனரின் அடிப்பாகத்தில், பிஸ்டன் தலையால் தள்ளிக் கோணாமல் உட்காரவைத்து, அதன் வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்துகொள்ளுங்கள். பிறகு அதே ரிங்கை விளிம்புக்குச் சற்றுக் கீழே வைத்து அளவுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 3.14-ஆல் வகுத்தால் விட்டத்தில் ஏற்பட்ட தேய்மானம் வந்துவிடும். இடைவெளி 0.6 மில்லிமீட்டர் கூடியிருந்தால், லைனர் ஏறக்குறைய 0.19 மில்லிமீட்டர் தேய்ந்திருக்கிறது. அத்தகைய லைனரில் புது ரிங் போடுவது பணத்தை வீணாக்குவதே: மேலே விரிந்தும் கீழே சுருங்கியும் அந்த ரிங் ஒவ்வொரு வீச்சிலும் அல்லல்படும், போதாததற்கு, விளிம்பை நீக்காமல் போட்டால் புது ரிங் அதில் மோதி உடையவும் கூடும். ரிங் மட்டும் போடுவது, தேய்மானம் மிகச் சிறிதாயிருந்து, ரிங் கரியில் ஒட்டிக்கொண்டோ உடைந்தோ போன வண்டிக்கு மட்டும் பொருந்தும்.

அரை வேலையா, முழு வேலையா என்பதை ஆயில் பிரஷரும் பேரிங்கும் தீர்மானிக்கட்டும். சம்பை இறக்கியவுடன் பிக் எண்ட் பேரிங் ஒன்றைக் கழற்றிப் பார்த்தால், மேற்பூச்சு போய்ச் செம்பு நிறம் தெரிகிறதா என்பது கண்ணுக்கே விளங்கும். அந்தப் பேரிங் உட்காரும் கிராங்க் ஜர்னலில் நகத்தை ஓட்டினால் கோடுகள் தட்டுப்படும். மைக்ராமீட்டரால் இரண்டு திசையில் அளந்தால் கோணல் தெரியும். சூட்டில் பிரஷர் நின்று, ஜர்னலும் வழவழப்பாக, வட்டம் குலையாமல் இருந்தால், வண்டியைப் பிளக்க வேண்டாம். கிட்டும் பேரிங்கும் போதும். இவற்றில் ஒன்று தவறினாலும், கிரைண்டிங்கைத் தள்ளிப்போடுவது புதிய பிஸ்டன்களைப் பழைய ஆபத்தின் மேல் ஏற்றுவதாகும். கிராங்க் முன்பே 10, 20 என்று குறைக்கப்பட்டு 30 சைஸை எட்டியிருக்கிறதா என்று பேரிங்கின் முதுகில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். எட்டியிருந்தால் வேறு கிராங்குக்கும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-ஐ எதிர்பார்த்திருக்கும் டெல்டா விவசாயி, இந்தப் பரீட்சைகளைச் சித்திரையிலேயே முடித்துவிடுவது நல்லது. கேஜ் வீல் மாட்டிச் சேற்றில் இறங்கிய பிறகு பட்டறை வாசலில் வரிசையில் நிற்க நேரிட்டால், எதையும் நிதானமாகத் தேர்ந்தெடுக்க முடியாது.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், லைனரைத் தின்றது பெரும்பாலும் ஏர் கிளீனர் வழியாகப் புகுந்த தூசிதான் என்பதால், கிளீனருக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையேயுள்ள வெடித்த ரப்பர் குழாயையும் தளர்ந்த கிளிப்புகளையும், புது கிட்டோடு சேர்த்தே வாங்கி மாற்றச் சொல்லுங்கள்.