பை எடுக்காமல் கடைக்குப் போகாதீர்கள்!



சம்பளம் போட்ட மறுநாள் சுங்கை பட்டாணிக்கோ கூலிமுக்கோ போய்ச் சாமான் வாங்கி வருகிறோம். மீனுக்கு ஒரு பை, கீரைக்கு ஒரு பை, வெங்காயத்துக்கு ஒரு பை, பிள்ளைகளின் பலகாரத்துக்கு ஒரு பை, எல்லாவற்றையும் சேர்த்துப் போட இன்னொரு பெரிய பை. வீட்டுக்கு வந்ததும் சாமான் டின்னுக்குள் போய்விடுகிறது. பை எங்கே போகிறது? "அதுக்கென்ன, குப்பைதானே" என்று லயத்துக்குப் பின்னால் வீசிவிடுகிறோம். சும்மா கிடைக்கிற அந்தப் பையால் நம் உடம்புக்கு என்ன கேடு வருகிறது, அதைக் குறைக்க என்ன வழி என்பதுதான் இம்முறை நம் பாடம்.

பை ஏன் மக்குவதில்லை?

வாழையிலை மண்ணில் விழுந்தால் சில வாரங்களில் மக்கி எருவாகிவிடும். பிளாஸ்டிக் பையோ பெட்ரோலிய எண்ணெய், எரிவாயு ஆகியவற்றிலிருந்து செய்யப்படுவது. மண்ணில் வாழும் கிருமிகளால் அதை லேசில் அரிக்க முடியாது. வெயிலில் காய்ந்து துண்டு துண்டாக உதிருமே தவிர, இல்லாமல் போகாது. மழையில் அடித்துக்கொண்டு போனால் கால்வாயை அடைக்கும். அங்கிருந்து மெர்போக் ஆறு, மூடா ஆறு வழியாகக் கடலுக்குப் போய்ச் சேரும்.

உடம்புக்கு வரும் மூன்று கெடுதல்கள்

முதலாவது, கொசு. வீசி எறிந்த பையின் மடிப்பில் ஒரு கை அளவு மழைத் தண்ணீர் நின்றால் போதும். டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு அதில் முட்டை இடும். ஏழு முதல் பத்து நாளுக்குள் அது பறக்கும் கொசுவாகிவிடும். தண்ணீர் வற்றினாலும் முட்டை சாவதில்லை. மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும். பால்மரத் தோட்டத்தில் கைவிட்ட பால் கோப்பைகளைக் கவிழ்த்து வைக்கச் சொல்வது இதற்காகத்தான். கோப்பையைக் கவிழ்த்துவிட்டுப் பையை வாய் திறந்தபடி விட்டால் என்ன பிரயோஜனம்? மேலும், மீன் கழுவிய தண்ணீரோடு கிடக்கும் பை எலியைக் கூப்பிடும். எலியின் மூத்திரத்திலிருந்து எலிக் காய்ச்சல் வரும்.

இரண்டாவது, புகை. குப்பை லாரி ஒழுங்காக வராத இடத்தில் பலர் குப்பையைக் கூட்டிக் கொளுத்துகிறார்கள். பிளாஸ்டிக் எரியும்போது கண்ணை எரிக்கும் புகையும், மூச்சுக்குழலுக்குள் இறங்கும் நுண்ணிய தூசும் கிளம்பும். சிலவகைப் பிளாஸ்டிக்குகள், முக்கியமாக பிவிசி, எரிந்தால் டையாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டாகும். இளைப்பு உள்ள பிள்ளைக்கும், கர்ப்பிணிக்கும், வயதான தாத்தா பாட்டிக்கும் இந்தப் புகை ஆகாது. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் திறந்தவெளியில் குப்பை எரிப்பதைத் தடை செய்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மூன்றாவது, சூடு. கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணியையும் குழம்பையும் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்குவது நம் பழக்கமாகிவிட்டது. சூடும் எண்ணெயும் படும்போது பிளாஸ்டிக்கில் கலந்த இரசாயனங்கள் சாப்பாட்டில் இறங்கக்கூடும். அந்தக் காலத்தில் வேலைக்காட்டுக்குத் தூக்குச்சட்டி எடுத்துப் போனார்கள் அல்லவா? கடைக்கும் அதையே எடுத்துப் போகலாமே.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

வங்காள தேசத்தில் 1988லும் 1998லும் பெருவெள்ளம் வந்தபோது, பிளாஸ்டிக் பைகள் கால்வாய்களை அடைத்துத் தண்ணீரை வடியவிடாமல் செய்தன. 2002ல் அந்நாடு மெல்லிய பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்தது. உலகில் முதலில் அப்படிச் செய்த நாடு அதுதான்.

நமக்குப் பக்கத்திலுள்ள பினாங்கில் 2009 ஜூலையில் திங்கட்கிழமைகளில் இலவசப் பை இல்லை என்று தொடங்கினார்கள். 2011 ஜனவரியிலிருந்து எல்லா நாளும் பைக்கு 20 காசு. 2021ல் அது 1 வெள்ளியானது. மூடா ஆற்றைத் தாண்டிப் போய்ச் சாமான் வாங்கும் நம் ஆட்களுக்கு இது தெரிந்த சங்கதிதான்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் ஒரு தடவை உபயோகித்து வீசும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்ற இயக்கத்தை அரசாங்கமே தொடங்கியது. ஒரு காலத்தில் மஞ்சள் பையைத் தூக்கி வந்தவரைப் பட்டிக்காட்டான் என்று கேலி செய்தார்கள். இன்று அதே பைக்கு மரியாதை வந்திருக்கிறது!

நம் கெடாவும் பட்டுத் தெரிந்துகொண்டது. 2018 தொடக்கத்தில் வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கழிவை வாங்குவதைச் சீனா நிறுத்தியதும், அந்தக் கழிவு மலேசியாவில் வந்து குவிந்தது. சுங்கை பட்டாணி வட்டாரத்து மக்கள் இரவில் பிளாஸ்டிக் எரியும் நாற்றம் தாங்காமல் புகார் செய்தார்கள். 150 கொள்கலன் கழிவை 13 நாடுகளுக்குத் திருப்பி அனுப்பிவிட்டதாக 2020 ஜனவரியில் அரசாங்கம் அறிவித்தது. அடுத்த நாட்டான் குப்பை வேண்டாம் என்று எழுந்து நின்ற நாம், நம் குப்பையையும் குறைக்க வேண்டாமா?

எந்தப் பை நல்லது?

புதிதாகத் துணிப்பை வாங்கிக் குவிப்பதும் சரியல்ல. பருத்தி விளைவிக்கவும் நெய்யவும் நிறையத் தண்ணீரும் எரிசக்தியும் செலவாகிறது. 2011ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று, பருத்திப் பையை 131 தடவை உபயோகித்தால்தான் பூமி சூடேறும் விஷயத்தில் அது மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும் என்று கணக்கிட்டது. வாரம் இரண்டு தடவை எடுத்துப் போனால் சுமார் 15 மாதம். நல்ல துணிப்பை அதற்கு மேலும் உழைக்கும். ஆகவே:

1. பழைய கைலி, திரைச்சீலை, மாவுச் சாக்கு இவற்றில் வீட்டிலேயே பை தையுங்கள். ஒயர் கூடை இருந்தால் தூசி தட்டி எடுங்கள்.

2. மீன், கோழி வாங்க மூடியுள்ள பாத்திரம் ஒன்றைத் தனியாக வையுங்கள். காய்கறிப் பையில் அதைப் போடாதீர்கள்.

3. பையை வாரம் ஒரு முறை சவர்க்காரம் போட்டுத் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். துவைக்காத பையில் கிருமி வளரும்.

4. உரச்சாக்கு, களைக்கொல்லி வந்த தோம்பு, பை எதையும் சாமானுக்கோ தண்ணீருக்கோ உபயோகிக்கவே கூடாது. எத்தனை முறை கழுவினாலும் நஞ்சு தங்கியிருக்கும்.

5. வீட்டில் இருக்கும் பிளாஸ்டிக் பையை உடனே வீசாதீர்கள். மடித்து வைத்து, கிழியும்வரை உபயோகியுங்கள்.

காசுக் கணக்கையும் பாருங்கள். பைக்கு 20 காசு கேட்கும் கடையில் வாரம் 10 பை வாங்கினால் வருடத்துக்கு 520 பை, 104 வெள்ளி. அது பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சப்பாத்துக்கு ஆகும்.

நிர்வாகத்தின் பொறுப்பு

எல்லாப் பாரத்தையும் தொழிலாளியின் தலையில் வைப்பது நியாயமல்ல. தோட்டக் குடியிருப்பைத் துப்புரவாக வைத்திருக்கும் பொறுப்பு நிர்வாகத்துக்கு உண்டு. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்புச் சட்டம் அதற்காகவே வந்தது. குப்பை எடுக்க ஆள் வரவில்லையா? கால்வாய் அடைத்துக் கிடக்கிறதா? தேதியைக் குறித்து வைத்துத் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் சொல்லுங்கள். ஒருவர் முணுமுணுத்தால் யாருக்கும் கேட்காது. லயமே சேர்ந்து எழுதிக் கொடுத்தால் ஆபீசில் கேட்கத்தான் வேண்டும்.

இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். வாசல் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி அடித்து இரண்டு துணிப்பைகளை மாட்டி வையுங்கள். கடைக்குப் போகும் பிள்ளையிடம் காசு கொடுக்கும்போதே பையையும் கையில் கொடுங்கள். ஒரு மாதம் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும். லயத்துக்குப் பின்னால் புகை குறையும், கொசு குறையும், டிரசரிடம் ஓடும் நாளும் குறையும்.