மீன் தொட்டி: செடி முதலில், மீன் பிறகு

வீட்டில் முதன்முதலாகக் கண்ணாடித் தொட்டி வைப்போர் பெரும்பாலும் தொட்டி, செடி, மீன் மூன்றையும் ஒரே நாளில் வாங்கி விடுகின்றனர். சில நாட்களிலேயே மீன்கள் நீர்மட்டத்திற்கு வந்து திணறி மடிகின்றன. பழி விற்றவர் மேல் விழுகிறது. பெரும்பாலும் காரணம் நோயன்று, அம்மோனியா.

வயலில் இட்ட யூரியா அம்மோனியாவாகி, பின் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களால் நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாறுகிறது. தொட்டியில் மீன் கழிவும் மிஞ்சிய தீனியும் இவ்வாறே மாறுகின்றன. அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சு. புதுத் தொட்டியில் இந்நுண்ணுயிர்கள் பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். நோயில்லாத பழைய தொட்டியின் மணல் ஒரு கைப்பிடி கிடைத்தால், பாலுக்கு உறைமோர் போல உதவும். கார அமில நிலை 8க்கு மேற்பட்ட கிணற்று நீரில் அம்மோனியாவின் நச்சு மிகக் கடுமை.

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டி சுமார் 55 லிட்டர் கொள்ளும். கழுவிய ஆற்று மணலை 2 அங்குலம் பரப்பி, வேலம்பாசி, வாலிஸ்நேரியா செடிகளை நெருக்கமாக நடவும். இவை அம்மோனியாவை நேரடியாகவே உறிஞ்சும். குளோரின் கலந்த குழாய் நீரை ஒரு நாள் திறந்து வைத்து ஊற்றவும். சாணம், யூரியா அறவே கூடாது. பயிர் செய்து பழகிய கை இங்கேதான் தவறுகிறது. நேர் வெயில் பட்டால் கண்ணாடியில் பச்சைப் பாசி படரும். நாள்தோறும் 8 மணி நேர விளக்கொளி போதும்.

செடிகள் துளிர்த்த பின் 3 அல்லது 4 கப்பி மீன்களை மட்டும் விட்டு, சிட்டிகையளவே தீனியிடவும். இரண்டாம் மாதத்தில் எண்ணிக்கையைக் கூட்டலாம். வாரந்தோறும் கால் பங்கு நீரை மாற்றி, வடிகட்டிப் பஞ்சை அவ்வாறு எடுத்த நீரிலேயே அலசவும். குளோரின் நீரில் கழுவினால் பஞ்சிலுள்ள நுண்ணுயிர்கள் மடியும்.