பவுடர் ஊசி மருந்து: குப்பியில் எதைப் பார்ப்பது?

வளர்ச்சி ஹார்மோன், குழந்தைப்பேறு சிகிச்சைக்கான எச்.சி.ஜி., குளுக்ககான் போன்ற பெப்டைடு, புரத மருந்துகள் தண்ணீரில் கரைந்தால் சீக்கிரம் வீரியம் இழந்துவிடும். அதனால் பலவற்றை உறையவைத்து, உலர்த்தி, பவுடராகவே விற்கிறார்கள். வீட்டில் ஊசி போட்டுக்கொள்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் குப்பியைக் கையில் எடுக்கலாம்.

1. குப்பியின் மி.லி. வேறு, மருந்தின் மி.கி. வேறு. 3 மி.லி. என்பது கண்ணாடியின் கொள்ளளவு. அதற்குள் 2 மி.கி. மருந்தும் இருக்கலாம், 10 மி.கி.யும் இருக்கலாம். வாங்கும்போது பார்க்க வேண்டியது மி.கி. அல்லது யூனிட்டைத்தான்.

2. அடியில் வெள்ளை வில்லையாக ஒட்டியிருப்பது முழுக்க மருந்து அல்ல. மேனிட்டால் மாதிரியான துணைப்பொருளும் அதில் சேர்ந்திருக்கும். ஆகவே 'முக்கால் குப்பி காலியா இருக்கே' என்று மெடிக்கல் ஷாப்பில் சண்டை பிடிக்காதீர்கள். வில்லை உடைந்திருந்தாலும் பாதகமில்லை. ஈரம் பட்டு உருகினாற்போல் இருந்தால் மாற்றித்தரச் சொல்லுங்கள்.

3. 5 மி.கி. பவுடரில் 1 மி.லி. நீர் விட்டால், 0.1 மி.லி.யில் 0.5 மி.கி. மருந்து வரும். 2 மி.லி. விட்டால் அதே 0.1 மி.லி.யில் பாதிதான். எவ்வளவு நீர் விடுவது என்பதை டாக்டரும் மருந்தோடு வரும் தாளும்தான் சொல்ல வேண்டும். கலந்ததும் எத்தனை மி.லி., எந்தத் தேதி என்று லேபிளில் பேனாவால் எழுதிவிடுங்கள்.

4. பெரிய குழப்பம் சிரிஞ்சில்தான். நம் ஊர்க் கடைகளில் இன்சுலின் சிரிஞ்சு இரண்டு வகை: சிவப்பு மூடி 40 யூனிட், ஆரஞ்சு மூடி 100 யூனிட். இரண்டிலும் '10' என்ற கோடு உண்டு. சிவப்பில் அது 0.25 மி.லி., ஆரஞ்சில் 0.1 மி.லி. ஆரஞ்சுக்குப் பதில் சிவப்பில் எடுத்தால் மருந்து இரண்டரை மடங்கு ஏறிவிடும்! அந்தக் கோடுகள் இன்சுலினுக்காகப் போட்டவை. வேறு மருந்துக்கு 'பத்து யூனிட் போடு' என்று யாராவது சொன்னால், 'எத்தனை மி.லி.?' என்று திருப்பிக் கேளுங்கள்.

5. வளர்ச்சி ஹார்மோனில் 1 மி.கி. என்பது 3 யூனிட். இந்தக் கணக்கை எச்.சி.ஜி.க்குப் போடாதீர்கள். அது 2000, 5000, 10000 யூனிட் என்று வரும். அந்த யூனிட் வேறு.

6. மி.கி.யா, மைக்ரோகிராமா என்று இரண்டு தடவை படியுங்கள். ஆயிரம் மடங்கு வித்தியாசம்.

7. நீரைப் பவுடரின் தலையில் பீய்ச்சாமல் குப்பியின் சுவரோரமாக மெதுவாக இறக்குங்கள். பிறகு உள்ளங்கையில் வைத்து உருட்டினால் போதும். டானிக் பாட்டிலைப் போலக் குலுக்கினால் நுரை தள்ளும், மருந்தும் பாழ்.

8. கூட வரும் நீரைத் தவிர வேறெதையும் ஊற்றாதீர்கள். சில நீரில் கிருமி வளராமலிருக்க பென்சைல் ஆல்கஹால் கலந்திருக்கும். பச்சிளங்குழந்தைகளுக்கு அது ஆகாது. அது கலக்காத நீரில் கரைத்ததை 'நாளைக்கு ஆகும்' என்று தாமாக எடுத்து வைக்க வேண்டாம்.

9. குளுக்ககான் அவசரத்துக்கானது. சர்க்கரை இறங்கி மயங்கியவருக்குத் தேவைப்படும்போதுதான் கலக்க வேண்டும், மீதியைக் கொட்டிவிடுங்கள். ஊசி போட்டதும் அவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாந்தி வரலாம். ஆம்புலன்சுக்கும் சொல்லிவிடுங்கள்.

10. குப்பி மூடியின் நிறத்தை நம்பி மருந்தை அடையாளம் காணாதீர்கள். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

11. இணையத்தில் 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்ற லேபிளோடு எடை குறைய, தசை ஏற என்று விற்கும் குப்பிகளுக்கு இந்தக் குறிப்புகள் எதுவும் உதவாது. லேபிளில் 10 மி.கி. என்று போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது அதுதானா, சுத்தமானதா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. உடம்பில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

12. ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்ன மருந்தை நடுத்தட்டில் வையுங்கள். கதவில் குளிர் நிலையாக நிற்காது. ஃபிரீசரில் வைத்தால் கரைத்த மருந்து உறைந்து கெடும்.